சர்க்கார் போனை ஒப்படைத்த நாள்

போன வாரம் மூன்று நாளில் ஐந்து பேர் எனக்குப் போன் செய்தார்கள். ஐந்து பேரும் பால்வாடி டீச்சர்கள். ஐந்து பேருக்கும் ஒரே கேள்விதான்.

"அக்கா, புதுப் போன் வந்துடுச்சு. பழைய போனை என்னக்கா பண்றது?"

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது காலையில் நிதானமாகத் தோசை சுட்டுச் சாப்பிடுகிற ஆள் நான். என்னை ஏன் கேட்கிறார்கள் என்றால், எங்கள் விருத்தாசலம் வட்டாரத்தில் அந்தப் பழைய போனை முதலில் ஒப்படைத்தவள் நான்தான். பணி முடிந்து போகிறவள் எல்லாவற்றையும் கணக்குத் தீர்த்துவிட்டுத்தானே போக வேண்டும். அதனால் அந்தப் பெருமை எனக்கு வந்து சேர்ந்தது.

அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே நாளில் மூன்று தகவல் வந்திருக்கிறதாம். போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுங்கள் என்று காலையில். எதையும் அழிக்காமல் அப்படியே கொடுங்கள் என்று மத்தியானம். மறு உத்தரவு வரும் வரை யாரும் கொடுக்க வேண்டாம் என்று சாயந்திரம். என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா இந்த மூன்றையும் எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "நீங்க என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"அழிச்சுட்டுத்தான் குடுத்தேன்," என்றேன்.

"அப்ப நானும் அழிச்சுடட்டுமா?"

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் ஒப்படைத்த போனில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. அந்தப் படத்தைக் கேட்டு அதன் தாய் என்னிடம் வந்தாள். அப்போது நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை. எழுதிப் பார்த்தாலாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

முப்பத்தோரு வருடம் பால்வாடி வேலை. சேர்ந்த புதிதில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் இன்னும் வாயில் வருகிறது, மற்றதெல்லாம் வேலையில் இறங்கித்தான் படித்தேன். அப்போது பதினொரு ரிஜிஸ்டர், ஒரு தொங்கு தராசு, சுவரில் ஒட்ட ஒரு வளர்ச்சி அட்டவணை, அவ்வளவுதான் சாமான். என் மையம் ஊருக்கு வெளிப்பக்கம், பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் தெருவில். பெற்றோரில் பாதிப் பேர் அந்தக் கம்பெனிகளில் வேலை. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவார்கள். சாயந்திரம் முழங்கை வரைக்கும் வெள்ளைக் களிமண் காய்ந்த கையோடு வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளின் சட்டை முதுகில் எப்போதும் அம்மாவின் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்கும்.

எனக்கு உதவியாளர் அஞ்சலை. சமையல், கூட்டுவது, பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லாம் அவள்தான். எங்களுக்கு மேலே சூப்பர்வைசர் வசந்தா மேடம்.

வசந்தா மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிர்ந்து பேச மாட்டார். மையத்துக்கு வந்தால் நாற்காலியில் உட்கார மாட்டார், பிள்ளைகளின் பாயிலேயே காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். அரிசியை உள்ளங்கையில் எடுத்து மோந்து பார்ப்பார். முட்டையை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் ரிஜிஸ்டர். பக்கத்தைத் திருப்பும்போது விரலை நாக்கில் தொடாமல் ஈரத் துணியில் தொடுவார், அதற்கென்று கைப்பையில் ஒரு சின்ன டப்பா இருக்கும். தப்பு இருந்தால் திட்ட மாட்டார். பேனாவை அந்த இடத்தில் குறுக்கே வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம். எதைக் கேட்டாலும் முதலில் சட்டத்தைச் சொல்வார். அடுத்து அதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்வார். கடைசியில், "பாத்துக்கோங்க" என்பார். மழை பெய்கிறது, பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பலாமா மேடம்? "நேரத்துக்கு முன்னாடி அனுப்பக் கூடாதுங்க. மழை வேற வலுக்குது. பாத்துக்கோங்க." இதில் அவர் அனுப்பச் சொன்னாரா, சொல்லவில்லையா? பதினாறு வருடம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். எனக்குப் பிடிபடவே இல்லை.

சர்க்கார் போன் வந்தது அவர் காலத்தில்தான். ஒரு மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் டவர் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் டவர் கிடைத்தது, சொல்லிக்கொடுக்க வேண்டியவர் வரவில்லை. போனின் முதுகில் நம்பர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, ஸ்டாக் ரிஜிஸ்டரில் தராசுக்கும் குக்கருக்கும் நடுவில் ஏற்றிக் கையெழுத்து வாங்கினார்கள். தொலைந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று நாலு பேர் நாலு தடவை சொன்னார்கள். என் பிள்ளைகளைக்கூட நான் அவ்வளவு பயந்து வளர்க்கவில்லை.

அதில் ஒரு செயலி. மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் எடை போட்டு அதில் ஏற்ற வேண்டும். எண்ணை அடித்தால் மட்டும் போதாது, பிள்ளை எடை மிஷின் மேல் நிற்பதைப் படமும் எடுக்க வேண்டும். முகமும் தெரிய வேண்டும், காலடியில் மிஷின் காட்டும் எண்ணும் தெரிய வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை அசையாமல் நிற்குமா? அஞ்சலை எதிரே நின்று காக்கா மாதிரி கத்துவாள், பிள்ளை வாயைப் பிளந்து பார்க்கும், அந்த ஒரு கணத்தில் நான் எடுத்துவிடுவேன். எங்கள் மையத்துப் பிள்ளைகள் எல்லாம் படத்தில் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கும்.

ஒருநாள் கைகழுவும் வாளிக்குள் அந்தப் போன் விழுந்துவிட்டது. அஞ்சலை பதறிப்போய் அதைத் துடைத்து, யாரோ சொன்னார்கள் என்று அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டாள். அது மையத்து அரிசி மூட்டை. அன்றைக்குப் பார்த்து வசந்தா மேடம் ஸ்டாக் பார்க்க வந்தார். பாயில் உட்கார்ந்து, அரிசியை மோந்து பார்க்கலாம் என்று மூட்டைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்து போன் அடித்தது. மேடம் கையை எடுக்கவில்லை. அப்படியே துழாவி எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டு, "உங்களுக்குத்தாங்க," என்று என்னிடம் நீட்டினார்.

போன் பிழைத்துக்கொண்டது. ஆனால் திரையில் கீழ்ப்பாதி கறுத்துவிட்டது. அதன் பிறகு எதை அழுத்தினாலும் யோசித்து யோசித்துத்தான் செய்யும். எப்போது பார்த்தாலும் இடம் இல்லை, இடம் இல்லை என்று கத்தும். அதனால் ஒவ்வொரு மாதமும் புது எடை போடுவதற்கு முன்னால் போன மாதத்துப் படங்களையெல்லாம் அழித்துவிடுவோம். எல்லா மையத்திலும் இதே கதைதான். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினோம்.

யாழினி எங்கள் மையத்துக்கு வந்தது அந்தப் போன் கடைசி மூச்சில் இருந்த நாட்களில். அம்மா கலைச்செல்வி, அப்பா சேகர். கம்மாபுரம் பக்கத்து ஊர்க்காரர்கள். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகும், போகாது என்று வருடக்கணக்காகப் பேச்சு நடந்ததில் சலித்துப்போய் இங்கே வந்துவிட்டவர்கள். அவன் களிமண் லாரியில் லோடுமேன். அவள் ஒரு கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்த கப்புகளுக்குப் பிசிறு துடைக்கிற வேலை. யாழினிக்கு இரண்டரை வயது. மெலிந்த பிள்ளை, ஆனால் வாய் ஓயாது. அஞ்சலை காக்கா மாதிரி கத்தினால் இதுவும் திரும்பக் கத்தும். எங்கள் மையத்தில் வாயைப் பிளக்காமல் சிரித்தபடி படத்தில் நிற்கும் ஒரே பிள்ளை அதுதான்.

ஒரு மாதம் எடை போட்டதில் அதற்கு ஒன்பது கிலோ எண்ணூறு. அட்டவணையில் மஞ்சள் பகுதி. கவனிக்க வேண்டிய பிள்ளை என்று அர்த்தம். அடுத்த மாதம் வயிற்றுப்போக்கு வந்து ஒரு வாரம் வரவில்லை. எடை போடும் நாளில் வந்தது. எட்டு கிலோ எண்ணூறு. சிவப்பு.

நான் படம் எடுத்தேன். எண்ணைப் போட்டேன். செயலி ஏற்கவில்லை. போன மாதத்தைவிட ஒரு கிலோ குறைவு, சரிபார்க்கவும் என்று வந்தது. சரிபார்த்து மறுபடி போட்டேன். போன் நின்றுபோனது. அணைத்து எழுப்பினேன். மறுபடி போட்டேன். மறுபடி நின்றது. அன்றைக்கு அந்த மாதக் கணக்கை முடிக்கக் கடைசி நாள். அந்த ஒரு பிள்ளை ஏறாவிட்டால் மற்ற இருபத்தாறு பிள்ளைகளும் ஏறாது. மணி நாலு ஆகிவிட்டது. என்னுடைய சொந்தப் போனிலிருந்து வசந்தா மேடத்துக்குப் பேசினேன்.

"மேடம், ஒரு புள்ளைக்கு எடை கொறைஞ்சிருக்குது. போன் ஏத்துக்க மாட்டேங்குது."

"உள்ள எடையத்தாங்க போடணும்."

"போடறேன் மேடம். நின்னு நின்னு போவுது. நாலு தரம் போட்டுட்டேன்."

"போன மாச எடையப் போட்டா ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும்னுதான் நெனைக்கிறேன் மேடம்."

"அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம். இல்ல, உள்ளதைத்தான் போடணும். நேரம் ஆயிடுச்சு. பாத்துக்கோங்க."

நான் ஒன்பது எண்ணூறு என்று போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது, பச்சையாக டிக் காட்டியது. படத்தில் இருக்கும் எண்ணை அது ஒப்பிட்டுப் பார்க்காது. இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று, பிள்ளைகளின் வீட்டுக்குக் கொடுக்கும் வளர்ச்சி அட்டையிலும் அதே ஒன்பது எண்ணூறை எழுதிக் கலைச்செல்வியிடம் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, "அப்ப எறங்கல இல்ல டீச்சர்? வயித்தாலப் போனதுல எறங்கியிருக்கும்னு பயந்துட்டேன்," என்றாள்.

"நல்லா சாப்புட வையிம்மா," என்றேன்.

சிவப்பு என்று போயிருந்தால் கிராம நர்ஸ் வந்து பார்த்திருப்பார். பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருப்பார். சத்து மாவு கூடுதலாகக் கொடுத்திருப்போம். இதெல்லாம் அப்போதும் எனக்குத் தெரியும். அடுத்த மாதம் சரி செய்துகொள்ளலாம் என்பதைப் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் மேடம் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன். அவர் இரண்டையும்தான் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அங்கிருந்து கடலூருக்கு அனுப்பினார்கள். போகும் வழியிலேயே போய்விட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மெலிந்திருந்ததால் தாங்கவில்லையா, தெம்பாக இருந்திருந்தாலும் இதே கதியா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று வருமே. ஒருவரும் என்னிடம் வந்து எதையும் விசாரிக்கவும் இல்லை. செயலியில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் இருக்கும், அதில் தொட்டால் பெயர் போய்விடும். தொட்டேன், போய்விட்டது.

அடுத்த மாதம் எடை போடப் போனைத் திறந்தால், இந்தக் கருவியில் இனி செயலி இயங்காது என்று வந்தது. எங்கள் எல்லாருடைய போனிலும் வந்தது. பிறகு அவரவர் சொந்தப் போனில் வேலை பார்த்தோம். சர்க்கார் போன் தகர டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஆனால் ஸ்டாக்கில் அது இருக்கிறதே. மேலதிகாரிகள் வந்தால், போன் இருக்கிறதா, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றுக்கும் உதவாத அந்தப் போனுக்கு நாங்கள் எல்லாரும் திங்கள்கிழமை தவறாமல் சார்ஜ் போட்டோம். வெளிச்சம் வரும், பெயர் காட்டும், அணைந்துவிடும். அஞ்சலை அதற்கும் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். "எதுக்கு டீச்சர் இதுக்குத் தீனி?" என்று என்னைக் கிண்டல் பண்ணுவாள். எனக்கு அந்தப் போனைத் தொடவே பிடிக்கவில்லை. சார்ஜ் போடும் வேலையை அவளிடமே விட்டிருந்தேன்.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. நான் ஓய்வு பெறப் பத்து நாள் இருந்தது. சாமான்களையெல்லாம் எண்ணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கலைச்செல்வி வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கைகூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட யாழினி போட்டோ இருக்குதா?"

என்ன ஆயிற்று என்று கேட்டேன். நின்றபடியே சொன்னாள். வீட்டில் ஒரு பழைய டச் போன் இருந்தது. திரை உடைந்து மாடத்தில் கிடந்தது. பிள்ளையின் படம் எல்லாம் அதில்தான். என்றைக்காவது சரி பண்ணிப் படத்தை எடுத்துவிடலாம் என்று அவள் பத்திரமாக வைத்திருந்தாள். போன வாரம் அவள் வேலையில் இருந்தபோது தெருவில் மைக் வைத்துக்கொண்டு ஆட்டோ வந்திருக்கிறது. ‘பழைய செல்போன், உடைஞ்ச செல்போன் எது இருந்தாலும் கொண்டுவாங்க, அன்னக்கூடை வாங்கிக்குங்க’ என்று கத்திக்கொண்டு வருமே, அந்த ஆட்டோ. சேகர் அந்தப் போனைக் கொடுத்து நீலக் கலரில் ஒரு பிளாஸ்டிக் அன்னக்கூடை வாங்கி வைத்திருக்கிறான்.

"மங்கலம்பேட்டை வரைக்கும் போயி தேடிட்டு வந்துட்டாரு டீச்சர். அந்த ஆட்டோக்காரன் மூட்டையா கட்டி மெட்ராஸுக்கு ஏத்திட்டானாம். தெரியாமத்தான் குடுத்தாரா, வூட்ல அது கெடக்க வேணாம்னு தெரிஞ்சேதான் குடுத்தாரா, எனக்கு ஒண்ணும் புரியல. கேட்டா அழுவுறாரு."

ஸ்டுடியோவில் எடுத்த படம் இல்லை. ஆதாரும் எடுக்கவில்லை. ஊர்த் திருவிழாவில் எடுத்த ஒன்று அவள் தங்கச்சி போனில் இருந்தது, அதில் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

"நீங்க மாசாமாசம் புடிப்பீங்களே டீச்சர். ஒண்ணே ஒண்ணு இருந்தாக் கூடப் போதும். மொகம் மறந்துடும்னு பயமா இருக்குது."

பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். மாதாமாதம் அழித்துவிடுவோம் என்றேன் அல்லவா. கடைசி மாதத்துப் படங்களை மட்டும் அழிக்கவில்லை, அடுத்த மாதம் வேலையே நடக்கவில்லையே. இருபத்தேழு படம் இருந்தது. திரையில் மேல்பாதியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். பதினான்காவது யாழினி. சிரித்துக்கொண்டு நின்றது. படத்தை மேலே தள்ளினால் காலடியில் மிஷின், மிஷினில் சிவப்பு எழுத்தில் எட்டு புள்ளி எட்டு.

அவள் வீட்டில் இருக்கும் அட்டையில் ஒன்பது எண்ணூறு. கலைச்செல்வி எட்டாவது வரை படித்தவள். எண் தெரியும்.

மறுநாள் வசந்தா மேடம் என் சாமான்களைச் சரிபார்க்க வந்தார். பாயில் உட்கார்ந்தார். தராசு, குக்கர், டம்ளர் எல்லாம் பார்த்து முடித்தார். போனை எடுத்து ஸ்டிக்கர் நம்பரைப் படித்தார்.

"உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சுட்டுத்தாங்க ஒப்படைக்கணும். புள்ளைங்க படம் வெளிய போயிடக் கூடாது."

நான் விஷயத்தைச் சொன்னேன். யாழினியின் படத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். விரலால் மேலே தள்ளினார். எண்ணுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அந்த மாதம் நான் பேசியதும் அவர் பேசியதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ரிஜிஸ்டரில் பேனாவைக் குறுக்கே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பாரே, அந்த மாதிரி பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"ரூல்படி குடுக்கக் கூடாதுங்க," என்றார். அப்புறம், "தாய்தானே கேக்குது," என்றார். சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"மிஷின் தெரியுது," என்றார். "பாத்துக்கோங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். வாசல் வரை கூடவே போனேன். இன்னும் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்றார்.

கொடுக்காதே என்றாரா? கொடு என்றாரா? மிஷின் தெரியாமல் கொடு என்றாரா? முழுசாகக் கொடுத்து நடப்பதைப் பார்த்துக்கொள் என்றாரா? அன்று ராத்திரி முழுக்க இதையே யோசித்தேன். இப்போது யோசித்தால், அவர் என்ன சொன்னார் என்பதைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்று தோன்றுகிறது. அவர் சொன்னதாக ஏதாவது ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஓய்வு பெறப் பத்து நாள். முப்பத்தோரு வருடம் கெட்ட பெயர் இல்லாமல் ஓட்டியவள், பத்து நாளில் மாட்டிக்கொள்வேனோ என்ற பயம். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் ஜங்ஷன் ரோட்டில் ஒரு போட்டோக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். போனிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துப் பெரிதாக்கினார். அவ்வளவு பெரிய திரையில் எட்டு புள்ளி எட்டும் பெரிதாக நின்றது.

"முழுசாப் போடவாம்மா?"

"வேணாங்க. இடுப்புக்கு மேல போடுங்க."

"முழுசே நல்லா இருக்குதே. அந்த மிஷின்தான் அசிங்கமா இருக்குதுன்னா அத மட்டும் அழிச்சுட்டு வெறும் தரையா மாத்திடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு என்னவோ அவர் அந்த எண்ணைப் படித்துவிட்ட மாதிரி இருந்தது. "இல்லங்க, இடுப்புக்கு மேலயே போதும்," என்றேன். அச்சடித்துக் கொடுத்தார். கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுங்கள், குழந்தைப் படம் வெளியே இருக்கக் கூடாது என்று ரூல் என்றேன். அவர் என் கண் முன்னாலேயே அழித்தார். கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, போனில் இருந்த எல்லாவற்றையும் நானும் அழித்தேன். அழிக்கலாமா என்று அது இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். எப்போதும் நின்று நின்று போகும் போன், அன்றைக்கு மட்டும் ஒரே மூச்சில் செய்து முடித்தது.

அங்கிருந்து நேராக ஆபீஸ். கிளார்க் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓடுதா?"

"லைட் எரியும் சார்."

"சார்ஜர்?"

"இருக்குது சார்."

"டப்பா?"

டப்பாவையும் நான் வைத்திருந்தேன். அவருக்கே ஆச்சரியம். இதை வாங்கி எங்கே வைப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. ஸ்டாக்கில் வரவு வைத்தால் அதற்குச் சார்ஜ் போட ஆள் வேண்டும் என்றார். கழிவு என்று எழுத அவருக்கு அதிகாரம் இல்லையாம். கடைசியில் ஒரு வெற்று அட்டைப்பெட்டியை இழுத்து அதில் போட்டு, மேஜைக்கு அடியில் தள்ளினார். ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் கணக்கு முடிந்தது.

மத்தியானம் கலைச்செல்வியின் கம்பெனி வாசலுக்குப் போய் நின்றேன். சாப்பாட்டு மணி அடித்ததும் வந்தாள். கவரை நீட்டினேன். வாங்காமல் ஓடிப்போய்க் குழாயில் கையைத் தேய்த்துக் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள்.

படத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்து எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள். பிள்ளையின் சிரிப்பு அப்படியே அவளுடையதுதான், அதுவரைக்கும் நான் கவனித்ததில்லை. கூட வேலை செய்கிற பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். திரும்பி வந்து கவரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று.

"காலு வரைக்கும் இல்லையா டீச்சர்?"

"ஏம்மா?"

"இந்தச் சட்டை போட்டுவுட்டது எனக்கு ஞாபகம் இருக்குது டீச்சர். அன்னிக்குத்தான் அதுக்குக் கொலுசு போட்டுவுட்டேன். எங்கம்மா குடுத்தது. வயித்தாலப் போயி எந்திரிச்ச புள்ள, சந்தோஷமா இருக்கட்டும்னு. டீச்சருக்குக் காட்டு, டீச்சருக்குக் காட்டுன்னு சொல்லி அனுப்பினேன். காட்டுச்சா?"

நான் அந்தப் படத்தை டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ராத்திரி முழுக்கப் பார்த்தேன். கடைக்காரரின் பெரிய திரையிலும் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் காலை நான் பார்க்கவே இல்லை. காலுக்குக் கீழே இருந்த எண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். எடை போட்ட அன்றைக்கு அது மிஷின் மேல் நின்று காலைக் காலைத் தட்டியது, எண் நிற்கவில்லை என்று நான் அதட்டியது, அதெல்லாம் அந்தக் கம்பெனி வாசலில்தான் ஞாபகம் வந்தது.

"காட்டுச்சும்மா," என்றேன். "படம் இவ்வளவுதான் விழுந்துச்சு."

"பரவால்ல டீச்சர். மொகம் நல்லா இருக்குது," என்று எனக்குச் சமாதானம் சொன்னாள்.

அந்தப் படத்தை அவள் தன் போனில் பிடித்து வைத்திருக்கிறாள். போனைத் திறந்தால் யாழினி இடுப்பு வரைக்கும் வரும். பஸ் ஸ்டாண்டில், மார்க்கெட்டில் எங்கே பார்த்தாலும் ஓடி வந்து பேசுவாள். ஒருநாள் கேட்டாள், "ஆபீஸ்ல குடுத்தீங்களே டீச்சர் அந்தப் போனு, அதுல முழுப் படம் இருக்குமா? ஒருக்கா கேட்டுப் பாக்கறீங்களா?"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவளுக்கு நல்லதா, எனக்கு நல்லதா என்று புரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வருடமாக, பார்க்கும்போதெல்லாம் அவளும் கேட்கிறாள், நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.